கிட் சப்மாட்யூல்: ரெண்டு வருசம் கட்டி மேச்சதுல தெரிஞ்சது

கிட்டுங்கறது கோடுல பண்ணுன ஒவ்வொரு மாத்தத்தையும் பதிஞ்சு வெக்கற டூலு, சப்மாட்யூல்ங்கறது அதுல ஒரு ரெப்போக்குள்ள (ஒரு புராஜெக்டோட கோடு போல்டர்) இன்னொரு ரெப்போவை சொருகி வெக்கற வசதி. அதுக்கு அஞ்சுக்கு மூணு ஸ்டார் குடுக்கறேனுங்க. ஒரு ஸ்டார் கொறைஞ்சதுக்கு காரணம் அந்த டூலு, இன்னொன்னு கொறைஞ்சதுக்கு காரணம் மேனுவலை படிக்காம எறங்குன நாங்க. ஆனா அதையும் டூல் கணக்குலயே எழுதிக்கறேன், ஓசில கெடைச்ச மாட்டுக்கு பல்ல புடிச்சு பாக்கக்கூடாதும்பாங்க, நான் பாப்பேன்.

மொதல்ல எங்க சோலி என்னன்னு சொல்லீர்றேன், இல்லீனா கீழ சொல்றது எதுவும் வெளங்காது. சரவணம்பட்டில ஆறு பேரு இருக்கற ஆபீசு. தோட்டத்து போர் மோட்டாரை வீட்ல இருந்தே போன்ல போட்டு நிறுத்தற கண்ட்ரோலர் பெட்டி பண்றோம். த்ரீ பேஸ் கரண்ட் ராத்திரி எந்நேரம் வந்தாலும் டார்ச் புடிச்சுட்டு பாம்பு பல்லி பாத்து மோட்டார் ரூமுக்கு நடக்க வேண்டியதில்லீங்க, அதான் யாவாரம். இதுக்கு நாலு ரெப்போ. பெட்டிக்குள்ள ஓடற பர்ம்வேர் ஒண்ணு, சர்வர் ஒண்ணு, ஆண்ட்ராய்டு ஆப் ஒண்ணு, நாலாவது தான் இந்த கதைக்கு வில்லன், புரோட்டோகால். ரெப்போன்னு சொல்லவே கூச்சமா இருக்கும், மொத்தமே பத்து பதினஞ்சு பைல் தான், பெட்டி என்ன பேசும், எந்த பைட்டுல வோல்ட்டு, எந்த பைட்டுல ஆம்ஸ், சர்வர் திருப்பி என்ன சொல்லும்னு எழுதி வச்சது. ஆனா மத்த மூணும் இதை வச்சுத்தான் ஓடுது. இதுல ஒரு வரி மாத்துனா மூணு எடத்துலயும் மாத்தோணும்.

ஆரம்பத்துல என்ன பண்ணுனோம்னா காப்பி பேஸ்ட். பர்ம்வேர் பையன் ஹெடர் பைலை வாட்ஸப்புல அனுப்புவான், சர்வர் பையன் அதை எறக்கி போட்டுக்குவான், பேரு "புரோட்டோகால் பைனல் 2", அப்பறம் "பைனல் 2 சரியானது". ஆறு மாசத்துல யாருகிட்ட எந்த பைனல் இருக்குதுன்னு அந்த பழனியாண்டவருக்கே தெரியாத நெலமைக்கு வந்துட்டோம். அப்பத்தான் சப்மாட்யூல் பக்கம் போனோம், கிட்டோடவே வருது, தனியா எதையும் இன்ஸ்டால் பண்ண வேண்டியதில்ல, 2007ல 1.5.3 வெர்சன்ல இருந்து இருக்கற சங்கதி, பழசு தான, பழகுன மாடாத்தான் இருக்கும்னு ஒரு நெனப்பு.

அது எப்புடி வேலை செய்யுதுன்னு எனக்கு புரிஞ்சதே திருப்பூர்ல மாமன் பனியன் கம்பெனில உக்காந்திருந்தப்பத்தான். அங்க ஒரு ஆர்டர் ஒரே எடத்துல முடியாதுல்லீங்க, நிட்டிங் ஒரு எடம், சாயம் ஒரு எடம், காம்பாக்டிங் ஒரு எடம், பிரிண்டிங் இன்னொரு எடம். துணி எங்க போனாலும் லாட் நம்பர் கூடவே போகும். கழுத்துக்கு வெக்கற ரிப்பும் பாடி துணியும் ஒரே லாட்ல சாயம் ஏறியிருக்கோணும், இல்லீனா ரெண்டும் நேவி புளூ தான், ஆனா தைச்சு வெளிச்சத்துல புடிச்சா கழுத்து ஒரு நேவி, ஒடம்பு ஒரு நேவி. பையர் ஒத்துக்க மாட்டான். சப்மாட்யூலும் அதே தானுங்க. அது உள்ள இருக்கற கோடை காப்பி எடுத்து வெக்கறதில்ல, "நான் இந்த ரெப்போவோட இந்த கமிட்டை வச்சு தைச்சிருக்கேன்"னு ஒரு லாட் நம்பரை மட்டும் எழுதி வச்சுக்குது. 40 எழுத்து ஹேஷ், ஒவ்வொரு கமிட்டுக்கும், அதாவது பதிஞ்சு வச்ச ஒவ்வொரு மாத்தத்துக்கும், கிட்டு போடற அடையாளம். கிட்டுக்குள்ள பாத்தீங்கன்னா அந்த போல்டர் ஒரு சாதா போல்டராவே இருக்காது, 160000னு ஒரு மோடு போட்டு கிட்லிங்க்னு ஒரு தனி ஜாதி என்ட்ரி. எந்த முகவரில போயி எடுக்கோணுங்கறது மட்டும் கிட்மாட்யூல்ஸ் பைல்ல இருக்கும்.

இந்த லாட் நம்பர் சமாச்சாரத்துக்கே நான் ரெண்டு ஸ்டார் குடுப்பேன். போன வருசம் சித்திரைல அனுப்புன பெட்டியோட பர்ம்வேரை இன்னைக்கு மறுக்கா அப்படியே கட்டோணும்னா அந்த டேக்குக்கு (ரிலீஸுக்கு ஒட்டி வச்ச பேரு) போயி சப்மாட்யூல் அப்டேட் அடிச்சா அன்னைக்கு இருந்த புரோட்டோகாலே தான் வரும், ஒரு புள்ளி கூட மாறாது. வாட்ஸப் பைனல் 2 காலத்துல இதை கனாவுல கூட நெனைக்க முடியாது.

இனி வயித்தெரிச்சலுக்கு வர்றேன்.

மொத வாரமே ஒரு அடி. பர்ம்வேர் பையன் சப்மாட்யூல் போல்டருக்குள்ளயே போயி புரோட்டோகாலை மாத்தி கமிட் போட்டு, வெளிய வந்து பர்ம்வேர்ல பாயின்டரை (அந்த லாட் நம்பரைத்தான் சொல்றேன்) ஏத்தி கமிட் போட்டு, பர்ம்வேரை மட்டும் புஷ் பண்ணீட்டு (எல்லாருக்கும் பொதுவான எடத்துக்கு அனுப்பீட்டு) ஊருக்கு நோம்பிக்கு போயிட்டான். உள்ள இருந்த புரோட்டோகால் கமிட்டு அவன் லேப்டாப்லயே தங்கிருச்சு. நாங்க புல் எடுத்தா (புதுசா வந்ததை எறக்குனா) "நாட் அவர் ரெஃப்"னு ஒரு எர்ரர். அதாவது லாட் நம்பர் எழுதியிருக்குது, அப்படி ஒரு லாட்டே சாயப்பட்டறைல இல்ல. பையனுக்கு போன் போட்டா கோயில்ல மேளச்சத்தம், "ண்ணா, லேப்டாப்பு ஆபீஸ்லயே வச்சுட்டு வந்துட்டனுங்ணா"ங்கறான். பாஸ்வேர்டை ஒவ்வொரு எழுத்தா சொல்லச்சொல்லி கேட்டு நாங்களே புஷ் பண்ணுனோம். இதுல இன்னொரு கூத்து, சப்மாட்யூல் அப்டேட் பண்ணுனா உள்ள எந்த பிராஞ்சுலயும் (பேரு வச்ச கமிட் வரிசை) நிக்காது, டிடாச்டு ஹெட்ல தான் நிக்கும். அதுல போட்ட கமிட்டுக்கு பேரு கெடையாது, அடுத்த அப்டேட் அடிச்சா கண்ணுல இருந்து மறைஞ்சிரும், ரெஃப்லாக்ல (எந்தெந்த கமிட்டுல நின்னோம்னு கிட்டு எழுதி வெக்கற பதிவு) தேடி எடுக்கோணும். புதுசா வர்றவிய அத்தன பேரும் இந்த குழில ஒருக்கா விழுந்து எந்திரிச்சுத்தான் வர்றாங்க, நானும் விழுந்தவன் தான்.

ரெண்டாவது அடி தான் பெருசு. எங்க பெட்டி ஆம்ஸை முழு நம்பரா அனுப்பிட்டு இருந்துச்சு, 11ன்னா 11 ஆம்ஸ். ஏழரை எச்பி மோட்டாருக்கு நல்லா ஓடறப்ப அவ்வளவு தான் இழுக்கும். போர்ல தண்ணி வத்துனா ஆம்ஸ் எறங்கும், அதை வச்சுத்தான் மோட்டார் வெறும்போர்ல ஓடாம நிறுத்தறோம், அதுக்கு முழு நம்பர் பத்தல, புள்ளிக்கு அப்பறம் ஒரு எலக்கம் வேணும். அதனால இனி பத்தால பெருக்கி அனுப்பறது, 112ன்னா 11.2ன்னு புரோட்டோகாலை மாத்துனோம். ஒழுங்கா புரோட்டோகால்ல மாத்தி, பர்ம்வேர்ல பாயின்டரை ஏத்தி, சர்வர்லயும் செவ்வாக்கெழமையே ஏத்தியாச்சு. எல்லாம் கரெக்ட்.

வியாழக்கெழமை சர்வர் டீம்ல இன்னொருத்தன் ரிப்போர்ட்ல ஒரு லேபிள் எழுத்துப்பிழையை திருத்துனான். அவ்வளவு தான் அவன் பண்ணுன வேலை. ஆனா காலைல புல் மட்டும் எடுத்திருக்கான், சப்மாட்யூல் அப்டேட் அடிக்கல. அப்ப அவன் மிசின்ல பாயின்டர் புதுசு, உள்ள இருக்கற போல்டர் பழசு. கிட்டு இதை எப்படி பாக்குதுன்னா, "ஓ, நீ வேணும்னே சப்மாட்யூலை பழைய கமிட்டுக்கு மாத்தியிருக்க போல"ன்னு பாக்குது. கமிட் -ஏ (மாறுனது அத்தனையும் சேத்து பதியற கமாண்டு) அடிச்சான், லேபிளோட சேந்து பாயின்டரும் பழசுக்கு போயிருச்சு. ரிவ்யூல பாத்தது நான் தானுங்க, மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல. லேபிள் மாத்துன வரி தெரிஞ்சுது, அதுக்கு கீழ "சப்புராஜெக்ட் கமிட்"னு ஒரு மைனஸ் வரி, ஒரு ப்ளஸ் வரி, ரெண்டுலயும் 40 எழுத்து. எது புதுசு எது பழசுன்னு ஹேஷை பாத்து எந்த கொம்பனும் சொல்ல முடியாது. ஏத்திருக்கான் போலன்னு நெனைச்சு அப்ரூவ் பண்ணீட்டு டீக்கு போயிட்டேன்.

வெள்ளிக்கெழமை சாயந்தரம் சர்வர் ஏறிருச்சு. டெஸ்டுக்கு வச்சிருந்த தோட்டத்து பெட்டிங்க எல்லாம் அதுக்குள்ள புது பர்ம்வேர் எறக்கி வச்சிருந்துச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு நெகமம் பக்கத்து தோப்புக்காரர் போனு. "ஏனுங் தம்பி, மோட்டாரு போட்டா ஒடனே நின்னுக்குது, போன்ல ஒரு புள்ள பேசி நூத்திப்பன்னெண்டு ஆம்ஸுங்குது, அத்தன ஆம்ஸ் இழுத்தா என்ற தோட்டமே எரிஞ்சு போயிருக்குமல்லங்க?" மனுசன் கேட்டது ஞாயம் தான். பெட்டி 11.2ன்னு சொல்றதுக்கு 112ன்னு அனுப்புது, சர்வர் பழைய கணக்குல அதை 112 ஆம்ஸ்னு படிச்சு ஓவர்லோடுன்னு மோட்டாரை நிறுத்துது. அன்னைக்கு ராத்திரி அவரு டார்ச் புடிச்சுட்டுத்தான் போயி ஸ்டார்ட்டரை கையில அமுக்கி மடை திருப்புனாரு, எதுக்காக எங்க பெட்டிய வாங்குனாரோ அதையே பண்ண வச்சுட்டோம். அடுத்த நாள் நேர்ல போயி மன்னாப்பு கேட்டேன், எளநி வெட்டி குடுத்தாரு, அது இன்னும் கூச்சமா போச்சு.

இதுல என்ற மனசை நெம்ப உறுத்துனது என்னன்னா, மூணு ரெப்போலயும் டெஸ்ட் பச்சை. பர்ம்வேர் அது கையில இருக்கற புரோட்டோகாலுக்கு சரியாத்தான் பேசுது, சர்வரும் அது கையில இருக்கற புரோட்டோகாலுக்கு சரியாத்தான் கேக்குது. தனித்தனியா கேட்டா ரெண்டு பேருமே யோக்கியன். ஒட்டுக்கா நிக்க வச்சு கேட்டாத்தான் வண்டவாளம் தெரியும், அப்படி நிக்க வச்சு கேக்கறதுக்கு எங்ககிட்ட ஒரு எடமே இல்ல.

அதுக்கப்பறம் தான் ஒக்காந்து மேனுவலை படிச்சோம், படிச்சா எல்லா மருந்தும் உள்ளயே இருக்குது, ஆனா எதுவும் தானா ஆன் ஆயிருக்காது. இதுக்குத்தான் அந்த ஒரு ஸ்டாரை கொறைச்சேன். சப்மாட்யூல்.ரிகர்ஸ் ட்ரூன்னு கான்பிக்ல போட்டா செக்அவுட், சுவிட்ச் பண்றப்ப உள்ள இருக்கறதும் கூடவே மாறிக்குது, 2.15 வெர்சன்ல இருந்து புல்லுக்கும் இது செல்லும் (க்ளோனுக்கு, அதாவது ரெப்போவை மொத தடவை எறக்கறதுக்கு, மட்டும் செல்லாது, அதுக்கு தனியா --ரிகர்ஸ்-சப்மாட்யூல்ஸ் குடுக்கோணும்). புஷ்.ரிகர்ஸ்சப்மாட்யூல்ஸ் செக்னு போட்டா உள்ள இருக்கற கமிட்டு மேல போகாம வெளிய இருக்கறதை புஷ் பண்ண உடாது, நோம்பிக்கு போன பையனுக்கு இது இருந்திருந்தா கதையே இல்ல. டிப்.சப்மாட்யூல் லாக்னு போட்டா ஹேஷுக்கு பதிலா எந்தெந்த கமிட்டு ஏறுது எறங்குதுன்னு தலைப்போட காட்டும், பின்னால போச்சுன்னா பக்கத்துலயே "ரிவைன்ட்"னு எழுதியே காட்டுது. ரிவைன்ட்! அந்த ஒரு வார்த்தை அன்னைக்கு ஸ்கிரீன்ல தெரிஞ்சிருந்தா நெகமத்துக்காரர் நிம்மதியா தூங்கியிருப்பாரு. இதெல்லாம் ஒவ்வொருத்தர் மிசின்லயும் தனித்தனியா போடோணுங்கறது தான் கடுப்பு, ரெப்போவுக்குள்ள வச்சு எல்லாருக்கும் ஒரே அடியா போட வழி குடுக்கல, ஒரு செட்டப் ஸ்கிரிப்ட் எழுதி ஓட்டச்சொல்லி தொங்கோணும்.

நடுவுல மத்த டூலையும் ஓட்டிப்பாத்தோம்.

ஆண்ட்ராய்டுக்கு கூகுள் பண்ணுன ரெப்போங்கற டூலு (பேரு வச்சவன் யாருன்னு தெரியல, "ரெப்போல ரெப்போ போடு"ன்னு பேசி பேசி ஆபீஸ்ல சண்டையே வந்துச்சு) ஒரு எக்ஸ்எம்எல் மேனிபெஸ்டுல எல்லா ரெப்போவையும் எழுதி வச்சுட்டு ரெப்போ சிங்க் அடிச்சா எல்லாத்தையும் எறக்கும். ரெப்போ ஸ்டார்ட் அடிச்சா எல்லாத்துலயும் ஒரே பேர்ல பிராஞ்சு, ரெப்போ போர்ஆல்ல ஒரே கமாண்டை எல்லா எடத்துலயும் ஓட்டலாம், இது ரெண்டும் அருமை. ஆனா ரிவ்யூக்கு அனுப்பற ரெப்போ அப்லோடு கெரிட்டுங்கற ரிவ்யூ டூலுக்குன்னு பண்ணுனது, நாங்க கெரிட் வச்சிருக்கல, அப்ப பாதி சுகம் போச்சு. இன்னொண்ணு, மேனிபெஸ்டுல பிராஞ்சு பேரு போட்டா அன்னன்னைக்கு நுனில என்ன இருக்குதோ அதை எடுக்கும், லாட் நம்பர் வேணும்னா ரெப்போ மேனிபெஸ்ட் -ஆர் போட்டு நாமளா உறைய வச்சுக்கோணும். நூத்துக்கணக்குல ரெப்போ வச்சு மேய்க்கறவியளுக்கு சரி. ஒரு மாசத்துல திருப்பி வச்சுட்டோம்.

சப்ட்ரீங்கற இன்னொரு வழி 2012ல கிட்டோட சேந்துச்சு, கோடையே உள்ள காப்பி எடுத்து வச்சுக்கும், க்ளோன் பண்றவனுக்கு ஒரு ரோசனையும் வேண்டியதில்ல. ஆனா உள்ள திருத்துனதை திருப்பி அனுப்பறதுக்கு ஸ்ப்ளிட்டு புஷ்ஷுன்னு போனா வரலாறு நீள நீள ஆமை மாதிரி ஊருது. பர்ம்வேரை செபிர்ங்கற ஓஎஸ்ல கட்டறவிய அதோட வெஸ்ட் டூலை பாருங்க, ஒரு யாமல் பைல்ல ரிவிசன் எழுதறது, அதுல ஹேஷே போடலாம், படிக்கறதுக்கும் சுளுவு. எங்க பர்ம்வேர் செபிர் இல்ல, அதனால ரெண்டு நாள் தொட்டுப்பாத்ததோட சரி.

ஓப்பன்ஸ்டாக்குங்கற கிளவுட் சாப்ட்வேர்க்காரங்க பண்ணுன சூல்ங்கற டெஸ்ட் டூலு பத்தி மட்டும் கொஞ்சம் சொல்லியே ஆகோணும். அதுல கமிட் மெசேஜுக்கு கீழ "டிபெண்ட்ஸ்-ஆன்"னு போட்டு இன்னொரு ரெப்போவோட மாத்தத்தோட லிங்க்கை எழுதுனா போதும், ரெண்டையும் ஒட்டுக்கா வச்சு டெஸ்ட் பண்ணும், அது மெர்ஜ் ஆகாம (மெயின் கோடுல சேராம) இதை மெர்ஜ் ஆக உடாது. நாங்க கேட்டது அப்படியே இது தான். ஆனா அதை நிறுத்தி ஓட்டறதுக்கு ஜூகீப்பர், டேட்டாபேஸ், எக்ஸிகியூட்டர்னு ஒரு பட்டாளம் வேணும், ஆறு பேருக்கு அது ரெண்டு எருமையை கறக்க டேங்கர் லாரி நிறுத்துன மாதிரி. அதனால ரோசனையை மட்டும் கடன் வாங்கிட்டோம். புல் ரிக்வஸ்ட்ல (மாத்தத்தை சேத்துக்கச்சொல்லி அனுப்பறது) "டிபெண்ட்ஸ்-ஆன்" வரி எழுதோணும், சிஐல (தானா டெஸ்ட் ஓட்டற எடம்) ஒரு நாப்பது வரி ஸ்கிரிப்ட் அந்த லிங்க் மெர்ஜ் ஆயிருச்சான்னு பாக்கும், ஆகலீன்னா செவப்பு.

எல்லாத்தையும் ஒரே ரெப்போல கொட்டுங்கறவிய வருவாங்க, தெரியும். கூகுளே பெரும்பாலான கோடை ஒரே ரெப்போல தான் வச்சிருக்குதுன்னு 2016ல அவங்களே எழுதுனாங்க, 2015 ஜனவரி கணக்குக்கு 200 கோடி வரி கோடு, 86 டெராபைட்டு. ஆனா அதுக்குன்னு சொந்தமா தனி சிஸ்டமே கட்டி வச்சிருக்காங்கல்லீங்க. எங்களுக்கு அளவு பிரச்சனை இல்ல, ஆளு பிரச்சனை. போர்டு டிசைன் பண்றவிய வெளி ஆளு, அவங்களுக்கு பர்ம்வேர் மட்டும் தான் காட்டோணும், கிட்டுல ஒரு போல்டரை மட்டும் படிக்க உட்டு மத்ததை மறைக்கறதுக்கு வழி கெடையாது.

அது போக இன்னொண்ணு, இது தான் அன்னைக்கு தோப்புல எளநி குடிக்கறப்ப ஒறைச்சுது. ஒரே ரெப்போல ஒரே கமிட்டா போட்டிருந்தாலும் பெட்டி அந்த செகண்டுல மாறாது. கரண்ட் இருக்கோணும், சிம்ல சிக்னல் இருக்கோணும், ஆனமலை அடிவாரத்துல ஒரு பெட்டி பர்ம்வேர் எறக்க மூணு வாரம் எடுத்துக்குச்சு. ஆபீஸ்ல ஒட்டுக்கா கமிட் ஆனாலும் தோட்டத்துல ஒட்டுக்கா ஓடாது. அதனால இப்ப 112ங்கறதை பழைய எடத்துல திணிக்கறதில்ல, புது பீல்டு ஒண்ணு, பழைய பீல்டு அப்படியே கெடக்கும். மொதல்ல சர்வர் ரெண்டையும் படிக்க பழகோணும், அப்பறம் பர்ம்வேர் புதுசை அனுப்போணும், கடைசி பெட்டியும் மாறுனப்பறம் தான் பழசை எடுக்கறது. மூணு தடவை மெர்ஜ் பண்ணோணும், சோலி எச்சு தான், ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு போன் வர்றதில்லீங்க.

இப்ப அஞ்சாவதா ஒரு ரெப்போ இருக்குது, பேரே "ஒட்டுக்கா". நாலையும் சப்மாட்யூலா வச்சு, தெனம் ராத்திரியும் ரிலீஸுக்கு முன்னாலயும் நாலையும் சேத்து கட்டி, பெட்டி மாதிரியே பேசற ஒரு டம்மி புரோகிராமை சர்வர்கூட பேச உட்டு பாக்கும். அதுல ஒரு செக்கு எனக்கு புடிச்சது: சர்வர் வச்சிருக்கற புரோட்டோகால் கமிட்டு, பர்ம்வேர் வச்சிருக்கறதுக்கு சமமா இல்ல அதைவிட புதுசா இருக்கோணும். கிட் மெர்ஜ்-பேஸ் --ஈஸ்-ஆன்சஸ்டர்னு ஒரே கமாண்டு, பர்ம்வேரோட ஹேஷ் மொதல்ல, சர்வரோடது அப்பறம், தப்புன்னா அங்கயே நின்னுக்கும். போட்டு எட்டு மாசம் ஆச்சு, ரெண்டு தடவை புடிச்சு குடுத்திருக்குது. அதுல ஒரு தடவை மாட்டுனது நான்.

வாங்கலாமான்னு கேட்டா (ஓசி தான், இருந்தாலும்), ரெப்போ பத்துக்குள்ள, நடுவுல பொதுவா இருக்கறது அடிக்கடி மாறாதது, லாட் நம்பர் முக்கியம்னா தாராளமா வச்சுக்குங்க. தெனமும் மூணு ரெப்போலயும் சேத்து மாத்தற பொழப்புன்னா வேண்டாம், பாயின்டர் ஏத்தற கமிட்டே பாதி வரலாறா நெறைஞ்சிரும்.

ஆங், ஒண்ணு மறந்துட்டேன். எங்க ஹோஸ்டிங்ல இருந்து ஜிப்பா டவுன்லோடு பண்ணுனா சப்மாட்யூல் போல்டர் உள்ள ஒண்ணுமே இருக்காது, காலி டப்பா. பீளமேட்ல பெட்டி அசெம்பிள் பண்றவர் மாசத்துக்கு ஒருக்கா ஜிப்பை எறக்கீட்டு "தம்பி, போல்டர் இருக்குது, உள்ள ஒண்ணையும் காணமே"ன்னு கூப்புடுவாரு, க்ளோன் பண்ணுங்கண்ணானா "அதெல்லாம் எனக்கெதுக்கு கண்ணு, நீ பென்டிரைவ்ல போட்டு குடுத்துட்டு போ"ங்கறாரு. சனிக்கெழமை அந்தப்பக்கம் போறப்ப குடுத்துட்டு வந்துர்றது.